கருக்கலைப்பு: திருச்சபை சொல்வது என்ன, சட்டம் சொல்வது என்ன, நடுவில் நிற்கும் நர்ஸ் என்ன செய்வது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அவர்கள் தெரு அன்பியக் கூட்டத்தில் (தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழு) கருக்கலைப்பைப் பற்றிப் பேச்சு வந்து, கூட்டம் சண்டையில் முடிந்திருக்கிறது. "கொலைன்னா கொலைதான், கலைக்கிற பொம்பளைங்களை எல்லாம் உள்ளே தள்ளணும், அதான் திருச்சபை போதனை" என்று ஒரு அண்ணன். "அது அவங்கவங்க வீட்டு விஷயம், கவர்மெண்டே விட்டுடுச்சு, கோயிலுக்கு என்ன வந்துச்சு" என்று ஒரு அக்கா. இதில் எது சரி, நாட்டின் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று திருச்சபை எதிர்பார்க்கிறது, தேர்தலில் இதைப் பார்த்துத்தான் ஓட்டு போட வேண்டுமா, வார்டில் தன்னை அந்த வேலைக்குப் போட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

அண்ணன் சொன்னதும் சரியில்லை, அக்கா சொன்னதும் சரியில்லை. நான் பாரிமுனைப் பக்கம் வக்கீல் தொழில் செய்பவன். ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். சாமியார் இல்லை. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்க வேண்டியதை அங்கேதான் கேட்க வேண்டும். போதனையையும் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மட்டும்தான் என் வேலை.

முதலில் போதனை. இதில் குழப்பமே இல்லை. வேண்டுமென்றே, நேரடியாகக் கருவை அழிப்பது எப்போதும் பெரும் பாவம் என்பது திருச்சபையின் நிலை. முதல் நூற்றாண்டையொட்டி எழுதப்பட்ட 'திதாக்கே' என்ற பழைய போதனை ஏட்டிலேயே இந்தத் தடை இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இதையும் சிசுக்கொலையையும் ஒரே வரியில் வைத்துக் கண்டித்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 மார்ச் 25 அன்று வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலில் இது மாற்ற முடியாத போதனை என்று அழுத்திச் சொன்னார். மென்மையானவர் என்று பெயர் வாங்கிய திருத்தந்தை பிரான்சிஸ்கூட 2018இல் இதைக் கூலிக்கு ஆள் வைத்துக் கொல்வதோடு ஒப்பிட்டுப் பேசினார். ஆகவே "காலம் மாறிடுச்சு, சர்ச்சும் மாறிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு பழைய வாதம் உண்டு, காலேஜ் பிள்ளைகள் அடிக்கடி கொண்டுவருவார்கள்: இடைக்காலத்தின் பெரிய இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸே கருவில் உடனே ஆன்மா வருவதில்லை என்று எழுதியிருக்கிறாரே? உண்மைதான். அரிஸ்டாட்டிலின் உயிரியலைப் பின்பற்றி, கரு ஓரளவு உருவான பிறகே மனித ஆன்மா வருகிறது என்று அவர் நினைத்தார். அதனால் இடைக்காலத் திருச்சபைச் சட்டத்தில், உருவான கருவுக்கு ஒரு தண்டனை, உருவாகாததற்கு ஒரு தண்டனை என்று வேறுபாடு நெடுநாள் இருந்தது. 1869இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அந்த வேறுபாட்டை எடுத்தார். ஆனால் அந்த வேறுபாடு தண்டனையின் அளவில்தான். முதல் நாளிலேயே கலைத்தாலும் அது கடும் பாவம் என்பதில் அக்குவினாஸுக்கும் சந்தேகமில்லை. ஆன்மா எந்த நொடியில் வருகிறது என்ற தத்துவக் கேள்விக்கு வத்திக்கான் 1974 நவம்பரில் வெளியிட்ட அறிக்கைகூடத் தீர்ப்புச் சொல்லவில்லை. அங்கே ஒரு மனிதன் இருக்கக்கூடும் என்ற வாய்ப்பு போதும், அதன்மேல் கை வைக்கக் கூடாது என்பது அதன் வாதம்.

சரி, இனி அண்ணனுக்கு. திருச்சபையின் சொந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று அவர் படித்ததில்லை என்று நினைக்கிறேன். கருக்கலைப்பைச் செய்து முடிப்பவர் தாமாகவே திருச்சபையின் உறவொன்றிப்பிலிருந்து விலக்கப்படுகிறார் என்று அதில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1398ஆம் பிரிவாக இருந்தது. 2021 டிசம்பர் முதல் 1397ஆம் பிரிவில் இருக்கிறது. இதைக் கேட்டதும் பலருக்கு உடம்பு நடுங்கும். ஆனால் இதே தொகுப்பில் 1323, 1324 என்று இரண்டு பிரிவுகள் உண்டு. 16 வயது ஆகாதவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. 18 ஆகாதவர், கடும் பயத்தில் வேறு வழியில்லாமல் செய்தவர், இதற்கு இப்படி ஒரு தண்டனை இருக்கிறது என்றே தன் தவறில்லாமல் அறியாதவர், இவர்கள் மேல் இந்தத் தானாக விழும் தண்டனை விழாது. நம் தெருக்களில் கலைத்துக்கொள்ளும் பெண்களை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று நடுங்குகிறவர்கள், புருஷன் அடிக்குப் பயந்தவர்கள், இதைக் கேள்விப்பட்டே இராதவர்கள். அவர்களில் எத்தனை பேர் மேல் அந்தத் தண்டனை விழும்? ஆனால் கூட இருந்து காசு கொடுத்து ஏற்பாடு செய்த, விவரம் தெரிந்த ஆம்பளை மேல் அது விழ நிறைய வாய்ப்பு உண்டு; அவர் உதவி இல்லாமல் அது நடந்திருக்காது என்றால் அவரும் உடந்தைதான். 'வாழ்வின் நற்செய்தி' பொறுப்பாளிகள் பட்டியலை விரிக்கும்போது கைவிட்ட தகப்பனையும் நெருக்கும் குடும்பத்தையும் மருத்துவரையும் சட்டம் இயற்றியவரையும் சேர்த்தே வைக்கிறது. அண்ணன் "கலைக்கிற பொம்பளைங்க" என்று மட்டும் சொன்னாராமே.

மன்னிப்பும் தூரத்தில் இல்லை. 2016 நவம்பர் 20 அன்று, இரக்கத்தின் யூபிலி முடியும்போது, இந்தப் பாவத்துக்குப் பாவமன்னிப்பு அளிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்தார் பிரான்சிஸ். ஆயரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றால் போதும்.

இன்னொரு விஷயம், இது நர்ஸாக உங்களுக்கு முக்கியம். கலைப்பு என்று வார்டில் சொல்வதெல்லாம் திருச்சபை கண்டிக்கும் கலைப்பு அல்ல. குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது, டி அண்ட் சி செய்கிறார்கள் என்றால் அதில் பாவப் பேச்சுக்கே இடமில்லை. அப்படி நடந்த ஒரு பெண்ணைப் பற்றி "அவ கலைச்சுட்டா" என்று பக்கத்து வீட்டில் புறணி பேசுகிறார்களே, அதுதான் பாவம். தாய்க்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய், உடனே எடுத்தாக வேண்டும், எடுத்தால் கருவும் போகும் என்றால், எடுக்கலாம். நோக்கம் நோயை நீக்குவது, கருவைக் கொல்வது அல்ல. கரு குழாயில் தங்கிவிட்டால் பாதிக்கப்பட்ட குழாயை எடுப்பதைக் கத்தோலிக்க அறநெறியாளர் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். மருந்து கொடுத்துக் கருவை மட்டும் கரைப்பதில் அவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது.

இந்தக் கோடு எல்லா இடத்திலும் தெளிவாக இருக்காது. 2009இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு கத்தோலிக்க மருத்துவமனையில், 11 வாரக் கர்ப்பிணிக்கு நுரையீரல் ரத்தக் கொதிப்பு முற்றி, கர்ப்பம் தொடர்ந்தால் உயிர் தங்காது என்ற நிலை. மருத்துவமனையின் நெறிக்குழுவில் இருந்த கன்னியர் ஒருவர் கலைக்கச் சம்மதித்தார். அந்த மறைமாவட்ட ஆயர் அவர் உறவொன்றிப்பிலிருந்து விலகிவிட்டதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு கடைசியில் அந்த மருத்துவமனை கத்தோலிக்க மருத்துவமனை என்ற அங்கீகாரத்தையும் இழந்தது. இறையியலாளர்கள் அப்போதே இரண்டு பக்கமும் நின்று வாதாடினார்கள். போதனைப்படி ஆயர் பேசியதற்கு அடிப்படை இருக்கிறது. ஆனாலும், நான்கு பிள்ளைகளுக்குத் தாயான அந்தப் பெண்ணின் கட்டிலுக்கு அருகில் நின்று முடிவெடுக்க நேர்ந்தவர் மேல் கல்லெறிய எனக்குக் கை வரவில்லை.

இந்தியச் சட்டத்துக்கு வருவோம். "கவர்மெண்டே விட்டுடுச்சு" என்று அந்த அக்கா சொன்னது பாதிதான் உண்மை. இந்தியாவில் கருக்கலைப்பு இன்றும் அடிப்படையில் குற்றம். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 312ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை, கருவின் அசைவு தெரிந்த பிறகென்றால் ஏழு ஆண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் இது பொருந்தும் என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. பெண்ணின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் குற்றமில்லை.

இதற்கு மேல் வைத்த விதிவிலக்குதான் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம். கள்ளத்தனமாகக் கலைத்துச் செத்த பெண்களின் எண்ணிக்கை கவலை தந்ததால் 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதன் பரிந்துரையில் 1971இல் சட்டம் வந்தது, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது உச்சவரம்பு 20 வாரம். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும்; 20 முதல் 24 வரை இரண்டு மருத்துவர்கள், அதுவும் வன்கொடுமைக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்ப காலத்தில் விதவையானவர் அல்லது விவாகரத்தானவர், மாற்றுத்திறனாளி போன்ற சில வகையினருக்கு. கருவில் கடும் குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் வார வரம்பே இல்லை. பெண்ணின் சம்மதம் போதும், கணவன் கையெழுத்து தேவையில்லை. 18 ஆகாதவருக்குக் காப்பாளர் சம்மதம் வேண்டும்.

ஒரு வக்கீலாக எனக்குச் சுவாரசியமாகப் படுவது அந்தச் சட்டத்தின் வார்த்தைக் கட்டு. "பெண்ணுக்கு உரிமை உண்டு" என்று அது ஆரம்பிக்கவில்லை. "இன்ன நிபந்தனையில் செய்த மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார்" என்று ஆரம்பிக்கிறது. உரிமைப் பேச்சு நீதிமன்றத்தில் பிறகு வந்தது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற தேர்வு அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 24 வார வரம்பில் திருமணமாகாத பெண்ணுக்கும் மணமான பெண்ணுக்கும் வேறுபாடு கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று சொன்னது. அதே நீதிமன்றம் 2023 அக்டோபரில், 26 வாரம் தாண்டிய ஒரு மணமான பெண்ணின் மனுவை மறுத்தது, கருவுக்குக் குறைபாடு இல்லை, தாய்க்கு உடனடி ஆபத்தில்லை என்று. ஆகக் கருவுக்கு மதிப்பே இல்லை என்று நம் சட்டம் சொல்லவில்லை. தகப்பன் சாகும்போது வயிற்றில் இருந்த பிள்ளை உயிரோடு பிறந்தால் சொத்தில் பங்கு உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. தூக்குத் தண்டனை பெற்ற பெண் கர்ப்பிணி என்று தெரிந்தால் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக மாற்றியே ஆக வேண்டும். ஒரு பக்கம் இப்படி, மறுபக்கம் அப்படி.

சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று திருச்சபை சொல்வது என்ன? பாவம் எல்லாவற்றையும் சட்டம் குற்றமாக்க வேண்டும் என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. மனிதச் சட்டம் பெரும்பாலான மக்களால் தாங்கக்கூடிய அளவில்தான் தடை விதிக்க வேண்டும், எல்லாத் தீமையையும் அல்ல, மற்றவரைப் பாதிக்கும் பெருந்தீமைகளைத்தான் தடுக்க வேண்டும் என்று எழுதியவர் அக்குவினாஸ். பொய், குடி, கள்ளத்தொடர்பு எல்லாம் பாவம், எல்லாவற்றுக்கும் எப்.ஐ.ஆர். போடச் சொல்லி எந்த ஆயரும் கேட்பதில்லை. ஆனால் அக்குவினாஸ் அந்த இடத்தில் பெருந்தீமைக்குத் தரும் உதாரணங்கள் கொலையும் திருட்டும். கருக்கலைப்பைத் திருச்சபை அந்த வரிசையில் வைக்கிறது. இன்னொருவரின் உயிர் சம்பந்தப்பட்டதால் "எனக்குப் பிடிக்கல, ஆனா மத்தவங்க இஷ்டம்" என்ற வாதம் இங்கே செல்லாது என்பது அதன் நிலை. அந்த அக்காவுக்கான பதில் இதுதான். கோயிலின் பார்வையில் இது ஒழுக்க விதியை ஊர்மேல் திணிக்கும் விஷயம் இல்லை, யாருடைய உயிருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்ற விஷயம். அதனால்தான் ஞானஸ்நானம் வாங்காதவர்களிடமும் இதைப் பேசுகிறது.

திருச்சபையின் அதிகாரபூர்வப் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு 2273ஆம் எண்ணில், பிறவாத குழந்தையின் உரிமையை வேண்டுமென்றே மீறினால் "தக்க" தண்டனைகளைச் சட்டம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. ஆனால் தக்கது எது என்று அளவு போடவில்லை. யாருக்கு, எத்தனை வருடம், அபராதமா சிறையா, மருத்துவர் மேலா, மாத்திரை விற்றவர் மேலா, இதெல்லாம் ஒவ்வொரு நாட்டிலும் யோசித்து முடிவெடுக்க வேண்டியவை. பெண்ணைச் சிறையில் தள்ளு என்று எந்தச் சுற்றுமடலிலும் இல்லை. என் கருத்தைக் கேட்டால், பயந்துபோன 17 வயதுப் பெண்ணைத் திருச்சபையின் சட்டமே விலக்காமல் விட்டிருக்கும்போது, போலீஸ் ஸ்டேஷன் அவளிடம் திருச்சபையைவிடக் கடுமையாக நடக்க வேண்டும் என்று கேட்கக் கத்தோலிக்கனுக்கு எந்த நியாயமும் இல்லை. எல் சால்வடாரில் 1998 முதல் முழுத்தடை; அங்கே தானாகக் கரு கலைந்ததாகச் சொன்ன ஏழைப் பெண்கள்கூடக் கொலைக் குற்றத்தில் பல வருடம் சிறையில் இருந்தார்கள். அதைக் கத்தோலிக்க வெற்றி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அயர்லாந்தில் 2012இல் சவிதா ஹலப்பனவர் இறந்ததும் அதே மாதிரிப் பாடம்: 17 வாரத்தில் கரு கலையத் தொடங்கி, குழந்தை பிழைக்காது என்று தெரிந்த பிறகும், இதயத்துடிப்பு இருக்கிறது என்று காத்திருந்ததில் தாய்க்கு ரத்தத்தில் தொற்று ஏறிவிட்டது. விசாரணையில் மருத்துவக் கவனிப்பின் குறைகளும் வெளிவந்தன. சட்டம் தெளிவில்லாமல் இருந்தால் மருத்துவர் தன் லைசென்சை நினைத்துக் கை நடுங்குவார். கருவைக் காக்கும் சட்டம் எழுதுகிறவர் தாயின் ஆபத்தை முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே அனுமதிக்கும் நாட்டில் என்ன செய்வது? 'வாழ்வின் நற்செய்தி' 73ஆம் எண்ணில் நடைமுறை தெரிந்த ஒரு பதில் இருக்கிறது. முழுவதும் நீக்க முடியாத நிலையில், தன் எதிர்ப்பை எல்லாரும் அறிந்த ஒரு சட்டமன்ற உறுப்பினர், தீமையைக் குறைக்கும் திருத்தத்துக்கு ஓட்டளிக்கலாம். 30 வாரத்தை 20 ஆக்கும் மசோதா வந்தால், 20 வரை அனுமதித்ததாக ஆகாதா என்று தயங்க வேண்டியதில்லை. பெல்ஜிய மன்னர் போதுவான் 1990 ஏப்ரலில் வேறு வழி எடுத்தார்: கருக்கலைப்பு மசோதாவில் கையெழுத்துப் போட மனசாட்சி இடம் தரவில்லை என்றார், அமைச்சரவை அவர் ஆள இயலாத நிலையில் இருப்பதாக அறிவித்து, தானே கையெழுத்திட்டது, ஒன்றரை நாளில் நாடாளுமன்றம் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. சட்டம் நின்றது, மன்னரின் மனசாட்சியும் நின்றது.

ஓட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலைப்பை ஆதரிக்கும் வேட்பாளருக்கு, அந்தக் காரணத்துக்காகவே ஓட்டு போடுவது தப்பு. வேறு கனமான காரணங்களுக்காகப் போடுவதை, தக்க காரணம் இருந்தால் அனுமதிக்கலாம் என்று கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்) 2004இல் எழுதினார். நம் ஊரில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. ராயபுரத்திலும் ஆர்.கே. நகரிலும் எந்தக் கட்சி இதைப் பேசி ஓட்டு கேட்டது? இங்கே தண்ணீர், பட்டா, எண்ணூரில் கொட்டிய எண்ணெய். அமெரிக்க யூடியூப் சண்டையை அப்படியே தூக்கிவந்து அன்பியத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

நாம் பேச வேண்டிய, பேசாத பகுதி ஒன்று இருக்கிறது. அநியாயச் சட்டத்தை நீக்கினால் மட்டும் போதாது, அந்த நிலைக்குத் தள்ளும் காரணங்களை நீக்க வேண்டும், தாய்மைக்கும் குடும்பத்துக்கும் ஆதரவு தர வேண்டும் என்று அதே சுற்றுமடல் 90ஆம் எண்ணில் சொல்கிறது. 1974 அறிக்கை இன்னும் விவரமாக, திருமணமாகாத தாய்க்கு உதவி, பிள்ளைக்கு உதவித்தொகை, ஒழுங்கான தத்தெடுப்பு என்று சட்டத்தின் வேலையை அடுக்குகிறது. இந்த வரிகளை மறையுரையில் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒரு அம்மா என் ஆபீசுக்கு வந்தார். மீன் விற்கிறவர். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் மகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டை நான்காக மடித்து வைத்திருந்தார். மகளுக்கு 17 வயது. "கேஸ் ஆவாம முடிக்க முடியுமா சார்?" என்று மட்டும் கேட்டார். கலைப்பது பாவமா என்று கேட்கவில்லை. கழுத்தில் பக்தியுள்ள கத்தோலிக்கர் அணியும் உத்தரியம் இருந்தது. அவருக்கு என்னென்ன பயம் என்று பேசப் பேசத் தெரிந்தது: போக்சோ கேஸில் தெருவுக்கே தெரிந்துவிடும், பெண்ணின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, அந்தப் பையனின் அண்ணன்மார், அப்புறம் காசு. சிறுமியின் பெயரை வெளியிடாமல் மருத்துவர் தகவல் தரலாம் என்று 2022 தீர்ப்பு சொன்னதை விளக்கினேன். பிள்ளையைப் பெற்றால் யார் பார்த்துக்கொள்வது, சட்டப்படி தத்துக்கொடுக்க எங்கே போவது என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு போனார். என்ன முடிவெடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அவருக்கு அன்று வேண்டியிருந்தது பிரசங்கம் அல்ல. பிரசவம் வரை அந்தப் பெண் தங்க ஒரு வீடு, பரீட்சை எழுத ஒரு பள்ளி, புறணி பேசாமல் வாயை மூடிக்கொள்ளும் ஒரு பங்குக் கோயில் சமூகம்.

நம் மாநிலத்தில் தாய்மைக்கு உதவி இல்லாமல் இல்லை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் காலையில் போய்ப் பாருங்கள், பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்த எண்) எழுதிய அட்டையோடு வரிசை நிற்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும். ஆனால் அந்தத் திட்டத்துக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவம் மட்டும்தான். கலைக்கலாமா என்று யோசிக்கும் 17 வயதுப் பெண்ணும், மூன்றாவது உண்டாகிவிட்டதே என்று திகைக்கும் வியாசர்பாடித் தாயும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். பிள்ளை மணத்தையும் பெரிய குடும்பத்தையும் ஊக்குவிக்கக் கூடாது என்பது அரசின் கணக்கு, எனக்குப் புரிகிறது. ஆனால் கருவில் இருக்கும் மூன்றாவது பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெரியாது. மூன்றாவது பிள்ளைக்கு மகப்பேறு விடுப்பு மறுத்த தமிழக அரசின் உத்தரவை ஏற்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ரத்து செய்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை. கருவின் உயிருக்காகப் பேசும் நம் அமைப்புகள் இப்படிப்பட்ட வழக்குகளில் போய் நிற்க வேண்டும், முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் இரண்டு பிரசவ வரம்பை எடுக்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. இதற்கு ஜாதி மதம் பார்க்காமல் ஆதரவு கிடைக்கும். பெண் சிசுவைத் தேடிப்பிடித்து அழிப்பதற்கு எதிரான 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருச்சபையும் பெண்ணுரிமை இயக்கங்களும் ஒரே பக்கம்தானே நின்றன. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தபோது அதை மதப் பிரச்சினையாக யாரும் பார்க்கவில்லை.

கடைசியாக உங்கள் வேலை. இங்கே சட்டம் உங்களுக்கு அவ்வளவு துணையாக இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனசாட்சிப்படி விலகிக்கொள்ள ஒரு பிரிவு இருக்கிறது. நம் 1971 சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதியில், மருத்துவக் காரணம் இருக்கும்போது மதத்தை மட்டும் காட்டிக் கலைப்புக்கு உதவ மறுக்கக் கூடாது என்றே எழுதியிருக்கிறது. அது மருத்துவருக்கானது, நர்ஸுக்கு அல்ல. ஆனாலும் நிர்வாகம் அதே பார்வையில்தான் பார்க்கும்.

போதனைப்படி உங்கள் எல்லை இது. கலைப்பு நடக்க வேண்டும் என்று நீங்களும் விரும்பி அதில் கை கொடுப்பது கூடாது. அந்த அறுவையில் நேரடியாக உதவுவதும், கலைப்பதற்கான மருந்தை நீங்களே கொடுப்பதும் கூடாது. அந்த நோயாளியின் ரத்த அழுத்தம் பார்ப்பது, படுக்கை மாற்றுவது, முடிந்த பிறகு ரத்தப்போக்கைக் கவனிப்பது, சாப்பாடு கொடுப்பது எல்லாம் தாராளமாகச் செய்ய வேண்டியவை. பாதியில் உயிருக்கு ஆபத்தாகி வருபவரை, வெளியே எங்கோ மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் நிற்காமல் வருபவரை, ஒரு நொடியும் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். அங்கே மனசாட்சி மறுப்புக்கு இடமே இல்லை. முகம் சுளிக்கவும் கூடாது. வார்டுக்கு யார் வந்தார்கள் என்பது அன்பியத்துக்கோ, சொந்த அம்மாவுக்கோகூடப் போகக் கூடாது. கலைத்துக்கொண்டவர் பெயரை மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்று சட்டமே சொல்கிறது, உங்களுக்கும் அதே கட்டுப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவை அரங்கில் பெயர் போட்ட பிறகு அழுது பிரயோஜனமில்லை. இப்போதே மேட்ரனிடம், வாய்மொழியாக இல்லாமல், எழுத்தில் கொடுங்கள். அரைப் பக்கம் போதும். கருக்கலைப்பு அறுவையில் உதவவும் அதற்கான மருந்து கொடுக்கவும் என் மனசாட்சி இடம் தரவில்லை. அதற்குப் பதில் அதே நேரத்தில் வேறு எந்த வேலையையும், இரவுப் பணியையும் ஏற்கிறேன். அவசரத்தில் எந்த நோயாளியையும் கவனிப்பேன் என்று எழுதுங்கள். பைபிள் வசனம் வேண்டாம், மருத்துவமனையைக் குறை சொல்லும் வரியும் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு சீல் வாங்கி வீட்டில் வையுங்கள். மறுத்தால் அந்தத் தாளோடு பாரிமுனைக்கு வாங்க, அடுத்து என்ன எழுதுவது என்று உட்கார்ந்து பார்ப்போம்.